பதினோரு மாத ஒப்பந்தம் சரி, பதிவு எண் வாங்கியாச்சா?

தருமபுரியில் டூலெட் போர்டைப் பார்த்துப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஒகேனக்கல் தண்ணி வருதா?” என்பதுதான். போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் இருக்கும் பகுதி, கேட்கத்தான் வேண்டும். அப்புறம் அட்வான்ஸ் பேசுவோம். பதினோரு மாதத்துக்கு ஒரு பத்திரம் அடித்துக் கையெழுத்துப் போட்டதும், வேலை முடிந்தது என்று சாமான்களை ஏற்றிவிடுவோம். ஆனால் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

அது ஏன் பதினோரு மாதம்? ஓராண்டுக்கு மேல் என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து வந்த பழக்கம் இது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது இந்த மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. பதினோரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும்.

யார் அந்த வாடகை அதிகாரி? நம் மாவட்டத்தில் ஆர்.டி.ஓ.தான். லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆபீஸ் இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர். பெயர்க் குழப்பத்தில் அங்கே போய் நின்று திரும்பாதீர்கள். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தருமபுரிக் கோட்டம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு அரூர்க் கோட்டம். இதற்கென்று அரசு நடத்தும் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஹவுஸ் ஓனர்தான் போக வேண்டும் என்றில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

“எழுத்தெல்லாம் எதுக்கு, நமக்குள்ள என்ன?” என்று சொல்லும் ஓனர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. வாய்ப்பேச்சில் குடியிருப்பதால் அதிகம் இழப்பது குடியிருப்பவர்தான்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருவோம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். வாடகை 6,000 ரூபாய் என்றால் 18,000. இதைக் கேட்டதும் ஓனரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஐந்து மாதம், பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். என்னைக் கேட்டால், சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட இடம் இது. பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாடகையை ஏற்ற நினைக்கும் ஓனர் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்து பார்க்க 24 மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும். வெள்ளையடிப்பதும் ஒயரிங் மாற்றுவதும் பொதுவாக ஓனர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பதெல்லாம் நம் வேலை. சண்டை வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடமே மனு கொடுக்கலாம்.

இங்கே ஒப்பந்தங்களில் நான் பார்க்கும் பெரிய ஓட்டை, தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான். ஒகேனக்கல் குழாய் தனியா, பொதுவா? மோட்டார் கரண்ட் செலவை யார் கட்டுவது? மாடியில் மூன்று குடும்பம் இருந்தால் எப்படிப் பிரிப்பது? இதையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரதியில் ஒன்று உங்கள் கைக்கு வந்த பிறகு சாமான்களை ஏற்றலாம்.