ஊர் ரேஷன் கார்டு பெங்களூருவில் செல்லுமா? வயதான பெற்றோரை அழைத்து வந்தவர்களுக்கு

தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அப்பா அம்மாவை ஸ்ரீராமபுரத்துக்கோ அல்சூருக்கோ அழைத்து வருகிறவர்கள், ரேஷன் கார்டை ஊரிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் கார்டுக்கு இங்குள்ள நியாய விலைக் கடையிலும் அரிசி வாங்கலாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் அதற்குத்தான். புதுக் கார்டு வேண்டாம். ஆதார் இணைத்த கார்டு எண்ணைச் சொல்லி விரல் ரேகை வைத்தால் போதும்.

ஆனால் சில வகைக் கார்டு மட்டுமே இங்கே செல்லும். ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பம்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) கார்டுக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டுமே அரிசி. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பி.எச்.எச். கார்டில் தலைக்கு மாதம் 5 கிலோ, ஏ.ஏ.ஒய். கார்டில் குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரியிலிருந்து இலவசம். மகன் தன் பங்கை இங்கே வாங்கினாலும் பெற்றோர் பங்கை ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, இங்கே என்ன கிடைக்காது? பருப்பும் எண்ணெயும். கிலோ 30 ரூபாய் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் தமிழ்நாட்டுக் கடையில் மட்டும்தான். கர்நாடகக் கார்டுக்கு அந்த மாநில அரசு ‘அன்னபாக்யா’ திட்டத்தில் கூடுதலாகத் தருவதும் நமக்கு வராது.

அரிசியைவிடப் பருப்பு போவதுதான் பெரிய நஷ்டம் என்பேன். வயதாக ஆகத் தசை கரையும், பசியும் குறையும். கஞ்சி, மோர் சாதம் என்று வயிறு நிறைந்துவிடும், புரதம் சேராது. 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் நல்லது. மாதம் ஒரு கிலோ பருப்பை ஒருவரே சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு ஏழு கிராம் புரதம்தான். முட்டை, பால், வேர்க்கடலை இல்லாமல் கணக்கு நேராகாது. அந்த ஏழு கிராமையும் ஏன் விட வேண்டும்? ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது சொல்லிவைத்து வாங்கி வரலாம்.

பெற்றோர் சில மாதம் மட்டும் இங்கே இருப்பார்கள் என்றால், ஊர்க் கார்டிலிருந்து பெயரை நீக்காதீர்கள். ஒருவர் பெயர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. நீக்கிவிட்டால், திரும்பிப் போகும்போது மறுபடி சேர்க்க அலைய வேண்டும்.

வெயிலில் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்காவிட்டால், கருவிழிப் பதிவு உண்டா என்று கேளுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கவும் செய்யலாம். ஊரிலேயே இருப்பவர்கள், வேறொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். முதியவர்களின் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது; கடையில் விசாரியுங்கள். வெளிமாநிலக் கார்டு என்று இங்கே திருப்பி அனுப்பினால், இத்திட்டத்தின் உதவி எண் 14445-ஐ அழைக்கலாம்.