வெண்தலைக் கழுகை வழுக்கை ஆக்காதீர்கள்

போன மாதம் பெறாமகள் ஒரு விடைத்தாளோடு வந்து நின்றாள். தரம் ஆறு படிக்கிறாள். ரியூசனில் பொது அறிவுப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி, நாடுகளின் சுதந்திர தினங்களும் தேசியச் சின்னங்களும். இலங்கைக்குப் பெப்ரவரி 4, இந்தியாவுக்கு ஓகஸ்ட் 15, அமெரிக்காவுக்கு ஜூலை 4, எல்லாம் சரி. அமெரிக்காவின் தேசியப் பறவை எது என்ற கேள்விக்கு ‘வெண்தலைக் கழுகு’ என்று வடிவாக எழுதியிருந்தாள். அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே ‘வழுக்கைக் கழுகு’ என்று திருத்தி, புள்ளியும் போடாமல் விட்டிருந்தது.

“சித்தப்பா, படத்தில அதுக்குத் தலை நிறைய இறகு கிடக்கு. பிறகு என்னெண்டு வழுக்கை?”

பிள்ளை கேட்டது நியாயம். இந்த ‘வழுக்கைக் கழுகு’ என் காதில் விழுவது இது முதல் தடவை அல்ல. ஜூலை 4 வந்தால் பத்திரிகைக் கட்டுரைகளில் வரும். தமிழில் குரல் மாற்றிய விலங்குக் காணொளிகளில் வரும். சிலர் ஒரு படி மேலே போய் ‘மொட்டைக் கழுகு’ என்கிறார்கள். ‘வழுக்கைத் தலைக் கழுகு’ என்பாரும் உண்டு. மூன்றும் பிழை. பொருளே பிழை என்பதால், பழகிப்போனது என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

முதலில் பறவையைப் பார்ப்போம். உடலும் சிறகும் கடும் மண்ணிறம். தலை, கழுத்து, வால் மூன்றும் பால் வெள்ளை. அலகும் காலும் மஞ்சள். சிறகை விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீற்றர். பெரும்பாலும் மீன் தின்னும், நீர்நிலைகளை அண்டியே வாழும். அந்த வெள்ளைத் தலையில் ஒரு விரல் நுனி அளவுகூட வெறுந்தோல் இல்லை. நெற்றியிலிருந்து பிடரி வரை இறகுதான்.

அப்படியானால் ஆங்கிலேயர் ஏன் ‘போல்ட் ஈகிள்’ என்றார்கள்? அந்தப் ‘போல்ட்’ பழைய ஆங்கிலச் சொல். முடியில்லாத தலையை மட்டுமல்ல, தலையிலோ முகத்திலோ வெள்ளை விழுந்ததையும் அது குறித்தது. முகத்தில் வெள்ளைப் பட்டை உள்ள குதிரையை அவர்கள் ‘போல்ட்’ என்பார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த குதிரைக்குச் சொல்லும் ‘பைபோல்ட்’ என்ற சொல்லிலும் அதே ‘போல்ட்’தான் இருக்கிறது. காலப்போக்கில் வெள்ளை என்ற பொருள் பேச்சிலிருந்து கழன்று போனது, வழுக்கை என்ற பொருள் மட்டும் தங்கியது. பறவையின் பெயர் பழைய பொருளோடேயே நின்றுவிட்டது.

இதற்குச் சாட்சி அவர்களுடைய நூல்களிலேயே உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பறவைகளை வரைந்து வெளியிட்ட மார்க் கேட்ஸ்பி, இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் ‘போல்ட் ஈகிள்’ என்றும் இலத்தீனில் ‘வெள்ளைத் தலைக் கழுகு’ என்று பொருள்படும் பெயரையும் சேர்த்தே போட்டார். 1766இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் ‘லியூக்கோசெபாலஸ்’ இருக்கிறது. கிரேக்கத்தில் லியூக்கோ என்றால் வெள்ளை, செபாலே என்றால் தலை. இன்றைய முழுப்பெயர் ஹாலியேட்டஸ் லியூக்கோசெபாலஸ். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வெண்தலைக் கடற்கழுகு. பிரான்சிலும் ஜேர்மனியிலும் வளருகிற எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் அவர்கள் படிக்கிற பெயர்கள் இரண்டிலும் வெள்ளைத் தலைதான் இருக்கிறது, வழுக்கை இல்லை.

அமெரிக்க இலச்சினைக்குள் இந்தக் கழுகு வந்த கதையையும் சொல்ல வேண்டும். சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய அதே 1776 ஜூலை 4 அன்று, நாட்டுக்கு ஓர் இலச்சினை வரைய பிராங்கிளின், ஆடம்ஸ், ஜெபர்சன் மூவரையும் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். அவர்கள் வரைந்தது எடுபடவில்லை. பிறகு இன்னும் இரண்டு குழுக்கள். ஆறு ஆண்டு இழுபட்டு, கடைசியில் காங்கிரசின் செயலாளர் சார்ல்ஸ் தொம்சன் இந்தக் கழுகை நடுவில் வைத்து வடிவம் கொடுத்தார். 1782 ஜூன் 20 அன்று அது ஏற்கப்பட்டது. வலக்காலில் ஒலிவக் கிளை, இடக்காலில் பதின்மூன்று அம்பு. ஆனால் ‘தேசியப் பறவை’ என்று சட்டப்படி அறிவித்தது 2024 டிசெம்பரில்தான். அதற்கு முன் அச்சான பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாம் தேசியப் பறவை என்றுதான் எழுதிவந்தன. சரி, அது வேறு கதை.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

என் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை செய்பவர். அவரோடு இதைப் பற்றி ஒரு பின்னேரம் முழுவதும் கதைத்திருக்கிறேன். அவருடைய முதல் வாதம்: “ஆங்கிலத்தில் அப்படி இருக்கிறது, நாங்கள் அப்படியே தருகிறோம். திருத்த எங்களுக்கு என்ன உரிமை?” அவர் அப்படியே தரவில்லை என்பதுதான் என் மறுமொழி. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள். பெயர் வைத்தவன் ஒன்றை நினைத்து வைத்தான், நீங்கள் மற்றதை எடுத்துக் கொடுக்கிறீர்கள். அகராதியில் முதலாவதாக இருந்த பொருளை எடுத்து, பறவையின் படத்தைப் பாராமல் வைத்த பெயர் இது.

இரண்டாவது, வழுக்கையும் மொட்டையும் தமிழில் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். வழுக்கை என்பது வழுக்கு என்பதிலிருந்து வருவது. மழமழப்பு, பிடிமானம் இல்லாமை. இளநீருக்குள் இருக்கும் மெல்லிய பருப்பை நாங்கள் வழுக்கல் என்பதும் அந்த வழியில்தான். மொட்டை என்றால் இருந்த ஒன்று போய்விட்டது என்று பொருள். ஷெல் விழுந்து வட்டுப் போன பனைகள் வெறும் கம்பமாக நின்றதை இந்தக் குடாநாட்டில் என் வயதுக்காரர் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதை மொட்டைப் பனை என்போம். எதையும் இழக்காத, தலை நிறைய இறகோடு பறக்கிற ஒரு பறவைக்கு அந்தச் சொல்லை எப்படி வைப்பது?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய காரணம். தமிழில் ‘வழுக்கைக் கழுகு’ என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பறவை வந்து உட்காரும். அது பிணந்தின்னிக் கழுகு. சங்கப் பாட்டுகளில் பாறு என்று வருவது. அதற்கு உண்மையிலேயே தலை வெறுந்தோல்தான். செத்த மாட்டின் உடலுக்குள் தலையை விட்டுத் தின்கிற பறவைக்கு அங்கே இறகு இருந்தால் ஊறுதான். தமிழ் வேதாகமத்தில் மீகா தீர்க்கதரிசி, துக்கத்தில் கழுகைப்போல முழுமொட்டையாயிரு என்று சொல்வதும் அந்தப் பறவையை வைத்துத்தான். கழுகு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு இனத்தையும் அடக்கிப் பேசுகிறவர்கள் நாங்கள். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற, சட்டென்று கண்ணில் படும் அடையாளம் தலை. அந்த அடையாளத்தையே பிழையாகச் சொன்னால் மீன் தின்கிற பறவை பிணம் தின்கிற பறவையாகிவிடும். இலங்கையில் பாறு கூடுகட்டி வாழ்வதில்லை. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் எங்கள் பிள்ளைகளுக்கு வழியில்லை, பெயர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

நண்பர் விடவில்லை. “பழகிவிட்டதே” என்றார். எங்கே பழகியது? ஆச்சிமார் வாயில் வந்த சொல்லா? கடற்கரையில் வழங்குகிற சொல்லா? எங்கள் வானத்தில் பறக்காத ஒரு பறவைக்கு, யாரோ ஒரு மேசையில் இருந்து எழுதி, அதைப் பார்த்து அடுத்தவர் எழுதி வந்த சொல். அச்சில் வந்தது, அச்சிலேயே திருத்தலாம்.

“வெண்தலை என்றால் நரைத்த தலை என்று நினைக்க மாட்டார்களா?” என்று கடைசியாக ஒன்று கேட்டார். எங்கள் பறவைப் பெயர்களைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும். வெண்மார்பு மீன்கொத்தி, கருந்தலை மாங்குயில், செந்தலைப் பாறு. நிறத்தைச் சொல்லி உறுப்பைச் சொல்லி இனத்தைச் சொல்வது தமிழில் நன்றாக ஓடுகிற தடம். வெண்தலைக் கழுகு அந்தத் தடத்தில் தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. குளங்களில் கரிய உடலும் நெற்றியில் பளிச்சென்ற வெள்ளையுமாக ஒரு நீர்ப்பறவை நீந்தும். ஆங்கிலேயர் ‘கூட்’ என்பார்கள். அந்த வெள்ளை நெற்றிக்காக அதற்கும் ‘போல்ட்’ சேர்த்து ‘போல்ட் கூட்’ என்று சொல்வது உண்டு. தமிழர் அதற்கு வைத்த பெயர் நாமக்கோழி. நெற்றியில் வெள்ளையைக் கண்டார்கள், நாமம் என்றார்கள். ஆங்கிலம் ‘போல்ட்’ என்ற அதே அடையாளத்தைத் தமிழ் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மாட்டிலும் அப்படித்தான். நெற்றியில் வெள்ளை விழுந்த பசுவைச் சுட்டி என்போம், வழுக்கை மாடு என்று யாரும் சொன்னதில்லை.

கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடுவதைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்து நிற்போமே, அந்தச் செம்பருந்தை நினைத்துப் பாருங்கள். செங்கல் நிற உடல், தலையும் மார்பும் வெள்ளை. பண்ணைக் கடலோரத்தில் மீன் வள்ளங்களுக்கு மேலேயும் சுற்றும். அதன் தலையைப் பார்த்து யாருக்காவது வழுக்கை என்று சொல்ல வாய் வருமா? அமெரிக்கக் கழுகின் தலையும் அதே வெள்ளைதான்.

இதில் இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. நாட்டுச் சின்னங்கள் பற்றி எழுதுகிற இடத்தில்தான் இந்த அவசர மொழிபெயர்ப்பு அதிகம். அமெரிக்காவை உருவாக்கியவர்களை ‘நிறுவனத் தந்தையர்’ என்று எழுதுகிறார்கள். நிறுவனம் என்றால் தமிழில் கம்பனி. வாசிக்கிற பிள்ளை வோஷிங்டனைக் கம்பனி முதலாளி என்றுதான் விளங்கிக்கொள்ளும். எங்கள் பள்ளிக்கூடங்களில் தாபகர் தினம் என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், மண்டபத்தில் தாபகர் படத்துக்கு மாலை போடுகிறோம். நாட்டின் தாபகர்கள் என்று எழுத அந்தச் சொல் கையிலேயே இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர் நாட்டை நிறுவியோர் என்று எழுதட்டும், எனக்கு அதுவும் சம்மதம். இலச்சினையில் உள்ள ஒலிவக் கிளையை ‘ஆலிவ் கிளை’ என்று எழுதுவதும் இப்படித்தான். ஒலிவ மரம் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் எத்தனையோ தலைமுறையாக வாசிக்கப்படுகிற சொல். பிராங்கிளின் வான்கோழியைத் தேசியப் பறவையாக்கச் சொன்னார் என்றும் எழுதிவிடுகிறார்கள். அவர் 1784இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு சங்கத்தின் பதக்கத்தில் இருந்த கழுகைப் பற்றிப் பேசும்போது, கழுகு மற்றப் பறவை பிடித்த மீனைப் பறிக்கிறது, வான்கோழி அதைவிட மதிப்பானது என்றார். இலச்சினைக்கு அவர் முன்வைத்த படம் செங்கடலோரம் நிற்கும் மோசே.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். புணர்ச்சி விதிப்படி வெண்மையும் தலையும் சேர்ந்தால் வெண்டலை. வெண்டாமரை என்று எழுதுகிறோம் அல்லவா, அதுபோல. இலக்கணம் படித்தவர்கள் வெண்டலைக் கழுகு என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் தரம் ஆறு பிள்ளைக்கு ‘வெண்டலை’யில் தலை தெரியாது. பெயரைப் பார்த்தவுடன் பறவை கண்ணில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஆகவே வெண்தலைக் கழுகு என்றே எழுதுங்கள். இனத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வெண்தலைக் கடற்கழுகு.

பெறாமகளுக்கு இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. நாமக்கோழியையும் கருடனையும் மட்டும் சொன்னேன். அவள் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற குஞ்சைக் காட்டினாள். அதன் தலை முழுக்க மண்ணிறம். நாலைந்து வயதாகும்போதுதான் தலை முழுதாக வெளுக்கும் என்றேன். “அப்ப வழுக்கையெண்டு சொன்னால், வயசு போகப் போக இறகு கொட்டுது எண்டல்லோ நினைப்பினம்?” என்றாள். அந்தக் கேள்வியை அப்படியே ஒரு தாளில் எழுதி, அடுத்த சனிக்கிழமை ஆசிரியரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே இரண்டு படங்களும் ஒட்டியிருக்கிறாள், ஒன்று கழுகு, மற்றது பாறு.