லீன் திட்டம்: பட்டறைக்கு என்ன கிடைக்கும், எங்கே சிக்கும்?

தகட்டை அழுத்தி உருவாக்கும் பிரஸ் பட்டறையில் டை, அதாவது அச்சு, மாற்றும்போது நின்று பாருங்கள். ஒருவர் போல்ட் கழற்றும் ஆலன் கீயைத் தேடுவார், இன்னொருவர் கழற்றிய டையை வைக்க இடம் பார்ப்பார், மெஷின் சும்மா நிற்கும். இந்த வீண் நேரத்தைக் குறைக்கிற வழிதான் லீன். சிறு தொழில்களுக்கு இதைக் கற்றுத்தர மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியதுதான் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) காம்பெட்டிடிவ் லீன் திட்டம்.

உத்யம் பதிவு, அதாவது இத்தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம். அந்தப் பதிவு இலவசம், ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று படிகள் உண்டு. அடிப்படைப் படியை ஆன்லைனிலேயே இலவசமாக முடித்துவிடலாம். இடைநிலைக்கும் உயர்நிலைக்கும் ஆலோசகர் துணையாக இருப்பார், அவருக்கான கட்டணத்தில் 90 சதவீதம் அரசுடையது, அதாவது 1 லட்சம் ஆனால் உங்கள் கையிலிருந்து 10,000. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில் என்றால் கட்டணத்தில் இன்னும் 5 சதவீதத்தை அரசே ஏற்கும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் பலர் தயங்குகிறார்கள்? என்னைக் கேட்டால் பணத்தைவிட நேரம்தான் பெரிய தடை. ஐந்தாறு பேர் வேலை செய்கிற இடத்தில் முதலாளியே பர்ச்சேஸ், டெலிவரி, ஜிஎஸ்டி எல்லாம் பார்க்கிறார், அவர் எப்போது உட்கார்ந்து பயிற்சி எடுப்பார்? ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிக்காகக் கூலிக்குச் செய்யும் வேலை, எடுப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். பெரிய கம்பெனி திடீரென்று ஆர்டரைக் கூட்டும், குறைக்கும், அதனால் லீன் சொல்கிறபடி சரக்கைக் கொஞ்சமாக வையுங்கள் என்றால் பயமாகத்தான் இருக்கும். இரும்பு விலை ஏறுவதற்குள் வாங்கிப் போட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். அப்புறம் தொழிலாளர்கள். வேலை நேரத்தை அளக்க ஒருவர் கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றால், ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். முதல் நாளே அவர்களை உட்காரவைத்து, யார் வேலையும் போகாது என்று முதலாளி வாயால் சொல்லவேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

மானியம் ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும்தான், ரேக், டூல் போர்டு, புது மெஷின் செலவு உங்களுடையது. ஆலோசகர் வருவதற்கு முன்பே ஒரு வாரம், ஒவ்வொரு டை மாற்றத்துக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவையுங்கள். அவரிடம் முதலில் காட்டவேண்டியது அதைத்தான்.