அந்த ‘ஏ’ எந்த ஆண்டின் ‘ஏ’?

போன வாரம் அக்காவும் தம்பியுமாக ஒரு வெள்ளி டீ பாட்டைக் கொண்டுவந்தார்கள். பாகப்பிரிவினை முடிந்து கையெழுத்தும் ஆகிவிட்டது. “1796-ல செஞ்சதாம் சார். இதுக்காக என் பங்கு வளையல் ரெண்டையும் தம்பிக்கே விட்டுட்டேன்” என்றார் அக்கா. ஆண்டைச் சொன்னது செல்போன்.

கவிழ்த்து லென்ஸை வைத்தேன். இங்கிலாந்து முத்திரைகள்: நடக்கும் சிங்கம், லண்டனைக் குறிக்கும் சிறுத்தைத் தலை, பெரிய எழுத்தில் ‘ஏ’, செய்தவரின் இனிஷியல். மன்னர் தலை இல்லை. அது 1936-ல் முத்திரை பெற்ற டீ பாட். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது.

எழுத்து மட்டுமே ஆண்டைச் சொல்லிவிடாது. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. வெள்ளியைச் சோதித்து முத்திரை அடிக்கும்போது ஆண்டுக்கு ஓர் எழுத்தும் பதிப்பார்கள். 1975-க்கு முன்பு லண்டனில் ‘ஏ’ முதல் ‘யு’ வரை, ‘ஜே’யை விட்டுவிட்டு, 20 எழுத்துகள். முடிந்ததும் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடியும் ‘ஏ’. சாதாரணப் பெரிய எழுத்து ‘ஏ’ 1796-லும் வந்தது, 1876-லும் வந்தது, 1936-லும் வந்தது. பிரித்துக் காட்டுவது பக்கத்தில் இருக்கும் முத்திரைகள்தான். 1784 முதல் 1890 வரை அங்கே வெள்ளி வரி கட்டியதற்கு ஒரு முத்திரையும் உண்டு. அந்த அடையாளமாக ஆள்பவரின் தலையைப் பதித்தார்கள். ‘ஏ’யோடு வலப்பக்கம் பார்க்கும் மூன்றாம் ஜார்ஜ் இருந்தால் 1796. இடப்பக்கம் பார்க்கும் விக்டோரியா இருந்தால் 1876. தலையே இல்லை என்றால் 1936. எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் பேசும். இதெல்லாம் லண்டன் கணக்கு. பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் அப்போது வரிசை வேறு. ஆகவே முதலில் ஊர், பிறகுதான் எழுத்து.

நங்கூரத்தைப் பார்த்து “தாத்தா கப்பல்ல கொண்டுவந்தது” என்கிறார்கள். அது பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை, 1773-லிருந்து. சிங்கம் 1000-க்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு. இன்றும் அடிக்கிறார்கள், அதை வைத்து வயது சொல்ல முடியாது. இ.பி.என்.எஸ். என்றால் நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் அடித்திருப்பதால் ஹால்மார்க் போலவே ஏமாற்றும். ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்ற ஸ்பூனும் அமெரிக்க முலாம்தான். 1847 அந்தப் பிராண்டின் பெயரில் ஒரு பகுதி, ஸ்பூனின் பிறந்த ஆண்டு அல்ல.

மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் இங்கேயே செய்த பொருட்களில் கடைப் பெயர் இருக்கும், இங்கிலாந்தின் ஆண்டெழுத்து இருக்காது. அதில் எழுத்தைத் தேட வேண்டாம். நம் வீட்டில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரோடு இருக்கும் தேதி பெரும்பாலும் கல்யாணத் தேதி. பாத்திரம் அதற்கு ஐம்பது வருடம் மூத்ததாகவும் இருக்கலாம்.

என்னிடம் வருமுன் பட்டறையில் பாலீஷ் போடாதீர்கள். அந்த டீ பாட்டையும் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். சிறுத்தையின் முகம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. விபூதி போட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம், மெல்லிய துணி போதும். மூடியையும் கவிழ்த்துப் பாருங்கள். மூடியின் எழுத்தும் உடலின் எழுத்தும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒன்று பிறகு சேர்ந்தது. படம் எடுப்பதானால் முத்திரை வரிசை முழுவதும் ஒரே படத்தில் வரவேண்டும். ஒற்றை எழுத்தை மட்டும் பெரிதாக்கி அனுப்பாதீர்கள், நான் பதில் சொல்வதில்லை.

உருக்கக் கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். யாராவது தெரிந்தவர் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். பங்கு பிரிப்பதாக இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள்.