அத்துவைதம்: ஒருமை அன்று, இரண்டன்மை

இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும் சொல் அத்வைதம். 'அத்வைதம் என்றால் ஒருமை. இருமை வெறும் மாயை.' மொழிபெயர்ப்புகளிலும் சொற்பொழிவுகளிலும் சலிக்காமல் வரும் இந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள்.

வடமொழியில் துவி என்றால் இரண்டு. அதன் வழி துவைதம், இருமை. முன்னே 'அ' சேர அத்துவைதம். சைவ நூல்களில் அத்துவிதம். வாதம் முழுவதும் அந்த 'அ'வைப் பற்றியதுதான்.

அதற்கு மூன்று பொருள் சொல்வார்கள். அரூபம்: உருவம் இல்லை, எனவே இன்மை. அநீதி: நீதிக்கு நேர் எதிர், எனவே மறுதலை. அசைவம்: சைவம் அல்லாதது, எனவே அன்மை. 'ஒருமை' என்பவர்கள் இந்த மூன்றையும் பார்ப்பதே இல்லை. இரண்டு போனால் மிச்சம் ஒன்று என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஒன்று என்றே சொல்வதாக இருந்தால் 'ஏகம்' என்ற சொல் இருந்ததே! 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், தம் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை விளக்கும்போதே இதை மறுத்துவிட்டார். ஏகம் என்று சுட்டுவதற்கு ஒருவன் வேண்டும். சுட்டுகிறவன் இருந்தால் ஏகம் எங்கே? அத்துவிதம் 'அந்நிய நாத்தி'யை, அதாவது வேறாய் நில்லாமையை உணர்த்துகிறது என்பது அவர் முடிபு. போதாக்குறைக்கு, ஒருமை என்றதும் பள்ளி இலக்கணத்து ஒருமை, பன்மைதான் நினைவுக்கு வரும்.

'இருமையின்மை' சற்றே மேல். ஆனாலும் அதில் இருப்பது 'இல்லை', வேண்டியது 'அல்ல', அதாவது அன்மை. 'இரண்டு இல்லை' என்றால் எண்ணிக்கையே போய்விடுகிறது. 'இரண்டு அல்ல' என்றால் பிரிவு மட்டும் போகிறது. உடலும் உயிரும் பொருளால் வேறு, ஆனால் கலந்திருப்பதால் பிரிந்து நிற்பதில்லை; சித்தாந்தத்தில் இறைவனும் உயிரும் அப்படித்தான். இல்லை, அல்ல என்ற வேறுபாட்டை அன்றாடப் பேச்சிலேயே வைத்திருக்கும் மொழியில் அதைக் குழப்புவது வருத்தம் தருகிறது. இரண்டன்மை என்றே எழுதலாம்.

அடுத்தது மாயை. அத்வைத வேதாந்த ஆசிரியர் சங்கரரின் மரபில் இருமை மித்தை, அதாவது தோன்றினாலும் முடிவில் மெய்யல்லாதது; முயற்கொம்பு போல அறவே இல்லாதது அன்று. முயற்கொம்பு யார் கண்ணிலும் படாது. கயிற்றில் தெரியும் பாம்போ விளக்கு வரும்வரை நடுங்க வைக்கும். 'வெறும்' என்ற சொல் அந்த நுட்பத்தைத் துடைத்துவிடுகிறது. சைவ சித்தாந்தத்திலோ மாயை உள்பொருள், குடத்துக்கு மண் போல உலகுக்கு முதற்காரணம், உயிரைப் பிணிக்கும் மும்மலங்களுள் ஒன்று. அங்கே 'இருமை மாயை' என்று எழுதினால் பொருளே தலைகீழாகும்.

இன்ப துன்பம், வெப்பம் குளிர் ஆகியவை துவந்துவம், அதாவது எதிரெதிரான இணைகள்; துவைதம் அல்ல. கீதை உரைகளில் இவற்றையும் 'இருமை' என்று போடுவதால், வெயிலும் குளிரும் பொய்யென்று படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். கீதை சொல்வதோ அவற்றைப் பொறுத்துக்கொள்ளும்படிதான். அங்கே 'எதிரிணை' பொருந்தும்.