சைரன்: அபாயச் சங்கு

சைரன் என்பது, காற்றையோ நீராவியையோ துளைகள் வழியே விட்டுவிட்டுப் பாய்ச்சித் திறந்த வெளியில் நெடுந்தொலைவுக்குக் கேட்கச் செய்யும் பேரொலிக் கருவி. அக்கருவி எழுப்பும் ஓசைக்கும் அதே பெயர். மலேசியத் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் இதைச் சங்கு என்றே சொல்லி வந்தனர். சிலாங்கூர் ஆற்றின் கரையில், எண்ணெய்ப் பனையாகிய செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், முதியவர்கள் இன்றும் "ஆலையில் சங்கு ஊதியாச்சு" என்றுதான் சொல்கிறார்கள். இளையவர்களோ செம்பனை ஆலையின் வேலை நேர ஒலி, அம்புலன்ஸ் ஒலி, வெள்ளம் வருவதை அறிவிக்கும் ஒலி ஆகிய மூன்றையும் சைரன் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். முதல் ஒலி கேட்டால் வேலைக்குப் புறப்பட வேண்டும், இரண்டாவது கேட்டால் சாலையில் ஒதுங்கி வழிவிட வேண்டும், மூன்றாவது கேட்டாலோ பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவு வேறுபடும்போது பெயர் மட்டும் ஒன்றாக இருப்பது நல்லதன்று.

சொல்லின் பிறப்பிடம் கிரேக்கம். ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் செய்ரேனெஸ் எனப்படும் மாயப் பெண்கள் தம் பாட்டால் மாலுமிகளை ஈர்த்து அழிக்கிறார்கள். மாலுமிகள் காதுகளை மெழுகால் அடைத்துக்கொள்ள, தலைவன் ஒடிசியஸ் மட்டும் பாய்மரத்தில் கட்டுண்டபடி அப்பாட்டைக் கேட்டுக் கடக்கிறான். இப்பெயர் இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியே நவீன அறிவியலுக்கு வந்தது. காற்றோட்டத்தை இடையிடையே தடுத்து ஒலி எழுப்பும் அமைப்பை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் ராபிசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்து பார்த்திருந்தார். 1819இல் பிரெஞ்சுக்காரரான காஞ்யார் த லா தூர், துளையிட்ட சுழல்தட்டுடன் அதைத் திருத்தி அமைத்தார். அக்கருவி நீருக்கடியிலும் ஒலித்ததால், நீரோடு தொடர்புடைய அப்பாடகியரின் பெயரை அதற்கு இட்டார். அது மக்களை எச்சரிக்கப் பிறந்த கருவியன்று. ஒலியின் அதிர்வெண்ணை அளக்கப் பிறந்த ஆய்வகக் கருவி. தட்டிலுள்ள துளைகளின் எண்ணிக்கையை, அது நொடிக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதோடு பெருக்கினால் அதிர்வெண் கிடைத்துவிடும்.

ஆலைச் சங்கும் சைரனும் காதுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கருவி நோக்கில் வேறு. பழைய ஆலைகளில் கொதிகலனின் நீராவி, மணி போன்ற ஓர் உலோகக் கிண்ணத்தின் விளிம்பில் மோதி ஒலித்தது. அது ஊதல் வகை. சைரனில் சாளரங்கள் வெட்டிய ஓர் உருளை, அதேபோல் வெட்டிய உறைக்குள் சுழன்று காற்றோட்டத்தை நறுக்குகிறது. மோட்டாருக்கு மின்சாரம் பாய்ந்ததும் முதலில் தாழ்ந்த உறுமலாகத் தொடங்கும் ஓசை, உருளை வேகம் பிடிக்கப் பிடிக்க உயர்ந்து முழுச் சுருதியை எட்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அதே வழியில் இறங்கும். ஏறி இறங்கும் அபாய ஒலியைப் பழைய சைரன்களில் எழுப்பியது இவ்வாறு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்தே. இப்போது நிறுவப்படும் மின்னணுச் சைரன்கள் உண்மையில் பெரிய ஒலிபெருக்கிகளே. அவற்றால் பேச்சையும் ஒலிபரப்ப முடியும்.

சைரன் என்றால் ஆபத்து என்னும் பொருள் உலகெங்கும் ஊன்றியது இரண்டாம் உலகப் போரில்தான். வான்தாக்குதலுக்காக நிறுவப்பட்ட சைரன்கள் பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க நகரங்களில் மேலும் பெருகின. 1952இல் வெளிவந்த கிரைஸ்லர் சைரன் 180 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சினால் இயங்கி, 100 அடி தொலைவில் 138 டெசிபல் அளவுக்கு ஒலித்தது. எதிரி விமானம் வரவில்லை. சுழற்காற்று ஆண்டுதோறும் வந்தது. எனவே அந்நாட்டின் நடுப்பகுதி நகரங்கள் அதே கம்பங்களை டொர்னாடோ எச்சரிக்கைக்குப் பயன்படுத்தத் தொடங்கின. 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் ஏறக்குறைய 150 டொர்னாடோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கிய பின்னர் அவ்வழக்கம் வலுப்பெற்றது.

ஓர் ஒலிக்கு ஊரார் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதே உயிரைக் காக்கும் அல்லது இழக்கச் செய்யும் என்பதற்கு ஹவாய்த் தீவின் ஹீலோ நகரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. நம் ஊர்களைப் போலவே அதுவும் தோட்டத் தொழிலாளர்கள் சூழ வாழ்ந்த நகரம். அங்கே பயிர் கரும்பு. 1946 ஏப்ரல் 1 அன்று எச்சரிக்கை ஏதுமின்றி வந்த ஆழிப்பேரலை ஹவாயில் 159 பேரைக் கொன்றது. அவர்களுள் பெரும்பாலோர் ஹீலோவினர். அதன் விளைவாக 1949இல் ஹொனலூலுவில் எச்சரிக்கை மையம் அமைந்தது. கரையோரச் சைரன்களும் வந்தன. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது அறிவியல் தன் வேலையைச் சரியாகவே செய்தது. அன்று இரவு எட்டரை மணியளவில் ஹீலோவில் சைரன் ஒலித்தது. பேரலை நகரத்தை அடித்ததோ நள்ளிரவு ஒரு மணிக்குப் பின்னர். இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் காதில் ஒலி விழுந்தது. ஆனால் வெளியேறியவர்கள் பாதிக்கும் குறைவு. முன்பு படிப்படியாக ஒலித்த முறையை அதிகாரிகள் சற்று முன்னர்தான் ஒரே ஒலியாக மாற்றியிருந்தனர். எனவே, இது ஆயத்த அறிவிப்புத்தான், வெளியேறச் சொல்லும் அடுத்த ஒலி இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தவர்கள் இருந்தனர். கடற்கரைக்கே போய் அலையைப் பார்க்க நின்றவர்களும் இருந்தனர்.

அதே ஹவாயில், 2023 ஆகஸ்டு 8 அன்று, மற்றொரு பழைய கரும்புத் தோட்ட நகரமான லஹைனா தீயில் எரிந்தபோது சைரன்கள் ஒலிக்கவே இல்லை. சைரன் என்றால் சுனாமி என்று மக்கள் பழகியிருக்கிறார்கள், ஒலித்திருந்தால் மலைப்பக்கமாகத் தீயை நோக்கி ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பிலிருந்த அதிகாரி பின்னர் விளக்கினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்முடிவு சரியா என்பது வேறு வழக்கு. ஒலிக்குப் பழகிய ஒற்றைப் பொருள் அதிகாரியின் கையையே கட்டிப்போட்டது என்பது மட்டும் உறுதி.

இனித் தமிழ்ச் சொற்கள். நம் அறிவிப்புகளில் மிகுதியாகக் காணப்படும் 'எச்சரிக்கை ஒலிப்பான்' பிழையான ஆக்கம் அன்று. எச்சரிக்கை என்ற சொல்லே அழகியது. அதன் உறவுச் சொல்லான கன்னட 'எச்சர'த்துக்கு விழிப்பு என்பது பொருள். மன்னர் அவைக்குள் வரும்போது கட்டியக்காரர் கூவியதும் எச்சரிக்கையே. எனினும் ஒலிப்பான் என்பதை வண்டியின் ஹார்னுக்குத் தமிழ்நாட்டில் வழங்கிவிட்டனர். அதைக் கேட்கும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறும் அவசரத்தை உணரமாட்டார்.

சங்கு அப்படியன்று. கடலில் கிடைக்கும் சங்கு வடமொழியில் சங்கம். நம் பழைய நூல்களில் அதற்கு வளை, கோடு, பணிலம் என்னும் பெயர்களும் உண்டு. கோயிலிலும் போர்க்களத்திலும் ஊதிய அப்பொருளின் பெயர், ஊருக்குப் பொதுவான நேரக் குறிப்பாகவும் வளர்ந்தது. "ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும்" என்ற பழமொழி அதற்குச் சாட்சி. ஆலைகள் வந்தபோது, புதிய ஒலிக்குப் புதிய பெயர் தேடாமல் மக்கள் இச்சொல்லை நீட்டிக்கொண்டார்கள். கப்பலேறி மலாயா வந்தவர்கள், தோட்டத்தில் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கும், ரப்பர் மரங்கள் நின்ற பால்மரக் காட்டுக்கும் இதையே கொண்டுவந்தார்கள். சாவு வீட்டிலும் சங்கு ஊதுவதால் இச்சொல் மங்கலமன்று என்று தயங்குவோர் எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் பல தலைமுறைகளாக வேலைக்கு எழுப்பிய ஒலியும் சங்குதான். அடைமொழி சேர்ந்தால் ஐயமும் நீங்கிவிடும். அபாயம் என்பது வடசொல். உபாயம் என்பதன் எதிர்ச்சொல். தனித்தமிழ் விரும்புவோர் இடர்ச் சங்கு என எழுதலாம். நான் அபாயச் சங்கு என்பதையே பரிந்துரைக்கிறேன், ஏனெனில் நாளிதழ்கள் ஏற்கெனவே அப்படித்தான் எழுதுகின்றன.

மலேசியாவில் இச்சொல்லின் தேவை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கூடியது. அன்று பினாங்கு, கெடா, பேராக் கரைகளையும் தாக்கிய ஆழிப்பேரலையில் இந்நாட்டில் 68 பேர் உயிரிழந்தனர். தொடர்ந்து தேசிய முன்னெச்சரிக்கை அமைப்பும் கரையோரச் சைரன்களும் வந்தன. உள்நாட்டில் நீர்ப்பாசன, வடிகால் துறை ஆற்றங்கரைகளில் வெள்ளச் சைரன்களை நிறுவியுள்ளது. ஆற்றின் மட்டத்தை அத்துறை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்காகப் பிரிக்கிறது. கடைசிப் படியின் மலாய்ப் பெயரான பஹாயாவுக்கு நேரான தமிழும் அபாயமே. ஆனால் வெளிப்புறச் சைரன் வெளியில் இருப்பவருக்கானது என்பதை யாரும் மறக்கக் கூடாது. பருவமழை இரவில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயன் வீடுகளின் தகரக் கூரையில் மழை இறங்கும்போது, பக்கத்தில் படுத்திருப்பவரை அழைக்கவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. தொலைவிலுள்ள கம்பத்தின் ஒலி அதை ஊடுருவி வரும் என்று நம்பியிருக்க முடியாது. கைப்பேசிச் செய்தியும் கதவைத் தட்டும் அண்டைவீட்டாரும் கட்டாயம் வேண்டும்.

எனவே பலகைகளிலும் பள்ளிப் பயிற்சிகளிலும், ஆற்றோரக் கருவியை வெள்ளச் சங்கு என்றும், கடலோரக் கருவியை ஆழிப்பேரலைச் சங்கு என்றும், இரண்டுக்கும் பொதுப்பெயராக அபாயச் சங்கு என்றும் எழுத வேண்டும். வேலை நேரத்துக்குரியது ஆலைச் சங்காகவே நிற்கட்டும். வண்டிகளின் ஒலிக்குச் சைரன் என்பதே போதும், அதை மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. ஆபத்து விலகியதை அறிவிக்கும் ஒலிக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. சிங்கப்பூரின் பொது எச்சரிக்கை அமைப்பில் அதற்குத் தனி ஒலியே உண்டு. அதை அபாய நீக்கச் சங்கு எனலாம். அது ஒலிக்கும்வரை நிவாரண மையத்தைவிட்டு வீடு திரும்பக் கூடாது என்பதையும் அப்பெயரோடு சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும்.