நெருங்கிப் பறக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

1966 ஜூன் 8 அன்று, ஓர் இன்ஜின் நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்காகக் கலிஃபோர்னியா வானில் ஐந்து விமானங்கள் ஒட்டிப் பறந்தன. நடுவில் எக்ஸ்பி-70 வால்கிரி என்ற ராட்சதச் சோதனை விமானம். அதன் வலது இறக்கை நுனியருகே எஃப்-104 போர் விமானத்தில் ஜோ வாக்கர். எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் 100 கிலோமீட்டர் உயரத்தை இரண்டு முறை தாண்டியவர் அவர். அவருடைய விமானம் வால்கிரியின் இறக்கையில் பட்டுப் புரண்டு, அதன் செங்குத்து வால்களை உடைத்தது. வாக்கரும் வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் உயிரிழந்தார்கள்.

ஃபார்மேஷன், அதாவது விமானங்கள் அணியாக நெருங்கிப் பறப்பதைக் கற்க வருகிறவர்களிடம் இந்த விபத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் சுழலும் காற்று, சிறிய விமானத்தைப் புரட்டும் வலு கொண்டது. அவ்வளவு நெருக்கத்தில், எத்தனை தேர்ந்த கையாக இருந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

"வானத்தில் சந்திப்போம், பக்கத்தில் வா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்" என்று நண்பர்கள் பேசிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. சம்பந்தப்பட்ட எல்லா விமானங்களின் பொறுப்பு விமானிகளும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இல்லாமல் ஃபார்மேஷன் பறக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விமான விதி 91.111. யார் லீடர், யார் எந்தப் பக்கம், எவ்வளவு இடைவெளி, ரேடியோ செத்தால் என்ன சைகை, யாருக்காவது சந்தேகம் வந்தால் என்ன சொல்லி எல்லோரும் நிறுத்துவது, இதெல்லாம் தரையில் பேசி முடிக்க வேண்டியவை. படம் எடுப்பவர் உடன் வந்தால், அவரும் இந்தப் பேச்சில், அதாவது பிரீஃபிங்கில் உட்காரட்டும். இன்னும் கிட்டே வரும்படி அவர் பக்கத்து விமானத்துக்குக் கையசைக்கக் கூடாது. தன் விமானியிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது ரீஜாயினில், அதாவது விலகி இருக்கும் விமானம் லீடரோடு மறுபடி சேர்வதில். திரும்பிக்கொண்டிருக்கும் லீடரை, வட்டத்தின் உட்புறமாக வெட்டிச் சென்று சேர வேண்டும். தூரத்தில் இருக்கும்போது லீடரின் விமானம் சிறியதாக, அசையாததுபோல் தெரியும். கடைசிச் சில வினாடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். 20 நாட் வேக வித்தியாசம் என்றால் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். வேகம் மிஞ்சிவிட்டது என்று தெரிந்ததும் பலருக்கு வரும் முதல் எண்ணம், இறக்கையைச் சாய்த்து லீடரை விட்டு விலகுவது. அப்படிச் செய்தால் உங்கள் விமானத்தின் வயிறே லீடரை மறைத்துவிடும். அவர் இருக்கும் திசைக்கே கண் தெரியாமல் போய்க்கொண்டிருப்பீர்கள். சரியான வழி ஓவர்ஷூட்: பவரைக் குறைத்து, லீடரைப் பார்த்தபடியே அவருக்குக் கீழாகவும் பின்னாலும் கடந்து, திருப்பத்தின் வெளிப்பக்கம் போய்விடுங்கள். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். தேவையான நேரத்தில் ஓவர்ஷூட் செய்யும் மாணவரை நான் பாராட்டுவேன்.

லீடர் கண்ணிலிருந்து மறைந்தால் தேடிக்கொண்டு நெருங்காதீர்கள். உடனே ரேடியோவில் சொல்லிவிட்டு, அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து விலகுங்கள்.

அப்புறம் லீடரின் பொறுப்பு. லீடரை ஒட்டிப் பறக்கும் விங்மேன் பார்ப்பது லீடரை மட்டுமே. தரை, மேகம், எதிரே வரும் விமானம் எல்லாம் லீடர் கணக்கு. 1982 ஜனவரி 18 அன்று நெவாடாவில் பயிற்சி செய்த அமெரிக்க விமானப் படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38 விமானங்கள், செங்குத்தாக வட்டமடித்துக் கீழ்நோக்கி வரும்போது ஒன்றாகத் தரையில் மோதின. லீடர் விமானத்தின் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று அதிகாரப்பூர்வ விசாரணை சொன்னது. மற்ற மூவரும் அவரைப் பார்த்தே பறந்துகொண்டிருந்தார்கள். அதனால்தான் தாழ்ந்த உயரத்தில் சாகசம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். லீடர் திருப்பங்களை மெதுவாகத் தொடங்க வேண்டும். இன்ஜின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளவும் கூடாது. பின்னால் வருகிறவருக்கு இடைவெளியைச் சரிசெய்யக் கொஞ்சம் பவர் மீதம் வேண்டும்.

எரிபொருளையும் லீடர் தன் மீட்டரை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. த்ராட்டிலை ஓயாமல் கூட்டிக் குறைக்கும் விங்மேனுக்கு அதிகம் செலவாகும். குழுவில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ, அவருடைய அளவை வைத்துத்தான் எல்லோரும் திரும்ப வேண்டும். அந்த எல்லையையும் பிரீஃபிங்கிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.